அக்டோபர் கணக்கு

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகம் ஆள்வரிசை போடத் தொடங்கிவிடும். முதல் ஆட்டத்துக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். வரிசைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. நாட்டின் முதல் பாயிண்ட் கார்டு யார், ஷூட்டிங் கார்டு யார், ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர் யார் யார் என்று இடத்துக்குப் பத்துப் பேர், சில சமயம் இருபது பேர் என எழுதி முடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் பருவச் சிறப்பிதழ்கள் இதைச் செய்தன. இன்று தொலைக்காட்சியும் இணையதளங்களும் செய்கின்றன. கூடைப்பந்தின் புகழ்மண்டபமே ஐந்து இடங்களுக்கும் ஐந்து விருது வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபது பெயர் கொண்ட முன்பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்னரே வெளியிடுகிறது.

இந்தப் பட்டியல்களை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விவரம் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு, நூற்றுக்கு நூறு பலிக்காவிட்டாலும் நல்ல வழிகாட்டி. கார்டைக் கார்டோடும் சென்டரைச் சென்டரோடும் ஒப்பிடுவதே நேர்மை. அப்படியே தப்பிப்போனாலும் விளையாட்டுப் பேச்சுதானே, யாருக்கு நட்டம்?

எனக்கும் இந்தப் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்த நியாயத்தில் ஒரு வரியும் தேறாது என்றே நினைக்கிறேன். எல்லாக் கணிப்பும் ஓரளவு தவறும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இவை ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கம் தவறுகின்றன என்பதுதான் என் குற்றச்சாட்டு. கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் திடீரென உச்சத்துக்குப் போகிறார் என்றால், பெரும்பாலும் அந்த ஆண்டு அவருடைய வேலை மாறியிருக்கும். மூத்தவர் ஒருவர் வெளியேறியிருப்பார், பந்து இவர் கைக்கு வந்திருக்கும். பட்டியல் போடுகிறவர் கையில் இருப்பதோ போன ஆண்டு அவர் செய்த வேலையின் கணக்கு. அந்த வேலையைக்கூட அவர் ஐந்து கட்டங்களில் ஒன்றுக்குள் தள்ளியே எண்ணுகிறார். மாறப்போகிறவரைப் பார்ப்பதற்கு அதில் வழியே இல்லை.

ஜா மொராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்தபோது பெரிய தரவரிசை எதிலும் இடம்பெறாத பையன். ஒரு பயிற்சி முகாமில் வேறொருவரைப் பார்க்க வந்த மர்ரி ஸ்டேட் துணைப் பயிற்சியாளர், நொறுக்குத்தீனி வாங்க எழுந்து போன வழியில் பக்கத்துக் கூடத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்துக் கண்டுபிடித்தார் என்பது அமெரிக்காவில் பலமுறை சொல்லப்பட்ட கதை. முதல் ஆண்டில் அவர் சராசரி 12.7 புள்ளி, 6.3 அசிஸ்ட். நல்ல கணக்குதான், தேசமே திரும்பிப் பார்க்கும் கணக்கு அல்ல. ஏனென்றால் அப்போது அணியின் பந்து ஜோனதன் ஸ்டார்க் என்ற இறுதியாண்டு கார்டின் கையில் இருந்தது. ஸ்டார்க் படிப்பை முடித்துப் போனார். 2018-19 பருவத்தில் பந்து மொராண்டிடம் வந்தது. 24.5 புள்ளி, 10 அசிஸ்ட். ஒரு பருவம் முழுக்க இருபது புள்ளியும் பத்து அசிஸ்டும் சராசரியாக எடுத்த முதல் ஆட்டக்காரர் என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் வரலாற்றில் அவர் பெயர் ஏறியது. மார்ச்சில் நடக்கும் தேசியப் பட்டப் போட்டியில் மார்க்கெட் அணிக்கு எதிராக 17 புள்ளி, 11 ரீபவுண்டு, 16 அசிஸ்ட் எடுத்து 83-64 என்று வென்று கொடுத்தார். எதிரணியில் ஆடியவர் மார்கஸ் ஹோவர்ட், அந்தப் பருவம் முழுக்கப் புள்ளி குவித்துப் பெயர் வாங்கிய கார்டு.

அந்த ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் பருவத்துக்கு முன் அறிவித்த முதல் ஐவர்: டியூக்கின் ஆர்.ஜே. பேரட், பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ், விஸ்கான்சினின் ஈதன் ஹாப், வட கரோலினாவின் லூக் மே, நெவாடாவின் கேலப் மார்ட்டின். மொராண்ட் இல்லாததைக்கூட மன்னிக்கலாம், மர்ரி ஸ்டேட்டை யார் பார்க்கிறார்கள்? ஸயன் வில்லியம்சனும் இல்லை. அவரோ ஊரறிந்த பையன், பள்ளிக்காலத்திலேயே அவர் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் காட்சிகளை லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். இருந்தும் அதே டியூக் அணியின் பேரட்டுக்குக் கீழேதான் வைக்கப்பட்டார். நவம்பர் 6 அன்று இண்டியானாபொலிஸில் பருவத்தின் முதல் ஆட்டம். தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த கென்டக்கியை டியூக் 118-84 என்று துவைத்தது. பேரட் 33, ஸயன் 28. புள்ளியில் பேரட்தான் முன்னால். ஆனால் ஆடுகளத்தில் வேறொன்று நடக்கிறது என்பது பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பருவ முடிவில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஸயன், சராசரி 22.6 புள்ளி, எறிந்ததில் 68 விழுக்காடு கூடைக்குள். அடுத்து நடந்த என்.பி.ஏ. தேர்வில் முதல் பெயர் ஸயன், இரண்டாவது மொராண்ட், மூன்றாவது பேரட்.

ஒரு வருஷம் சறுக்கியதை ஊதிப் பெரிதாக்குகிறான் என்பீர்கள். சரி, நீட்டியே பார்ப்போம். 2019 முதல் 2025 வரை ஏழு பருவங்களில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள்: ஸயன், டேட்டனின் ஓபி டாப்பின், அயோவாவின் லூக்கா கார்ஸா, கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே, பர்டூவின் ஸாக் ஈடி இரண்டு முறை, டியூக்கின் கூப்பர் ஃப்ளாக். இதில் நான்கு பருவங்களில் வென்றவர், அந்த ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் சொன்ன முதல் ஐவரில் இல்லாதவர். பட்டியல் பலித்த மூன்றைப் பாருங்கள். கார்ஸா முந்தைய ஆண்டே உச்சத்தில் இருந்து திரும்பி வந்தவர். ஈடியின் இரண்டாவது விருதும் அப்படித்தான், கையில் ஏற்கெனவே ஒரு விருது இருந்தது. ஃப்ளாக் அந்த ஆண்டு வந்த புதுமுகங்களில் முதல்வர் என்று ஊரே சொன்னவர். வீதியில் போகிறவரும் சொல்லிவிடக்கூடிய மூன்றை வல்லுநர்கள் சொன்னார்கள். வல்லுநர் தேவைப்பட்ட நான்கில் அவர்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நால்வரில் ஈடியின் முதல் விருதுதான் என் கட்சிக்கு முதல் சாட்சி. 7 அடி 4 அங்குல உயரம், கனடாக்காரர், சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். பள்ளி முடிக்கையில் நாட்டின் தரவரிசையில் நானூறுக்கும் அப்பால். 2021-22இல் பர்டூவில் சென்டர் இடத்தின் நேரத்தை ட்ரெவியன் வில்லியம்ஸ் என்ற மூத்தவரோடு பாதிக்குப் பாதி பங்கிட்டார். ஆட்டத்துக்குச் சுமார் 19 நிமிடம்தான், அதிலேயே 14.4 புள்ளி. வில்லியம்ஸ் வெளியேறினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 19 நிமிடத்தில் 14 எடுப்பவனுக்கு 30 நிமிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பெருக்கல் போட்டிருந்தால் போதும். 2022 அக்டோபரில் ஐவர் பட்டியலில் ஈடி இல்லை. ஷீப்வே, ட்ரூ டிம்மி, அர்மாண்டோ பேகாட், ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ், இவர்களோடு ஒரே கார்டாக ஹியூஸ்டனின் மார்கஸ் சாஸர். ஈடி அந்தப் பருவத்தில் 22.3 புள்ளியும் 12.9 ரீபவுண்டும் எடுத்து விருதை அள்ளிப்போனார்.

அந்த ஐவரை இன்னொரு முறை பாருங்கள். நால்வர் கூடைக்கடியில் ஆடும் பெரிய உருவங்கள். இடம் பிரிக்காமல் நாட்டின் சிறந்த ஐவரைச் சொல் என்றால் வல்லுநர்களே நான்கு பெரியவர்களைச் சொல்கிறார்கள். இடவாரிப் பட்டியலில் அந்த நால்வரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஒன்றிரண்டு கட்டத்துக்குள் நெரிந்து நிற்க வேண்டும். ஸ்மால் ஃபார்வர்டு கட்டத்தின் முதல்வரோ காற்றாட உட்கார்ந்திருப்பார். கார்டைக் கார்டோடு ஒப்பிடுவதே நேர்மை என்ற வாதம் இங்கேயே ஆட்டங்கண்டுவிடுகிறது.

தொழில்முறை ஆட்டத்தில் இதே கூத்து பகிரங்கமாக நடந்தது. 2021, 2022 இரண்டு ஆண்டும் என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர் ஜோயல் எம்பீட். ஆனால் ஆண்டின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. முதல் அணிக்கு ஒரே சென்டர்தான் என்பது விதி, அந்த நாற்காலியில் நிகோலா யோகிச் இருந்தார். நாட்டின் இரண்டாவது சிறந்தவர் முதல் ஐவரில் இல்லை! 2023-24 பருவத்திலிருந்து அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். தொழில்முறையினரே கைவிட்ட கட்டத்தைக் கல்லூரிப் பட்டியல்காரர்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

கட்டங்கள் ஆட்டத்தோடு பிறந்தவையும் அல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடத்திய முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர். ஐவர் என்ற அளவு பிறகு வந்தது. சென்டருக்கு ஒரு காலத்தில் தெளிவான வேலை இருந்தது, ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவட்டத்தில் குதித்துப் பந்தைத் தட்டுவது. 1937இல் அந்த வழக்கம் எடுக்கப்பட்டது. 1986-87இல் மூன்று புள்ளிக் கோடு கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் வந்தபோது, கூடைக்கடியில் நின்ற ஃபார்வர்டுகள் மெல்ல மெல்ல வெளியே இழுக்கப்பட்டார்கள். அதற்கும் முன்பே, 1979இல் லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட்டை 75-64 என்று வென்ற மிச்சிகன் ஸ்டேட்டின் பந்தை நடத்தியவர் 6 அடி 9 அங்குல மேஜிக் ஜான்சன். அவர் உயரத்தைப் பார்த்துக் கட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2018இல் பட்டம் வென்ற விலனோவாவை இந்தக் கட்டங்களில் அடைத்துப் பாருங்கள். பாயிண்ட் கார்டு ஜேலன் பிரன்சன் தன்னைக் காக்கும் கார்டை முதுகால் தள்ளிக்கொண்டு கூடைக்கடியில் போய், பழைய கால சென்டர் மாதிரி புள்ளி எடுத்தார். சென்டர் ஒமாரி ஸ்பெல்மன் வெளிக்கோட்டில் நின்று மூன்று புள்ளி எறிந்தார். அரையிறுதியில் கான்சஸுக்கு எதிராக அந்த அணி போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 18, கடைசி நான்கு அணிகள் சுற்றில் அப்போதைக்கு அது சாதனை. இறுதியாட்டத்தில் மிச்சிகனை 79-62 என்று வீழ்த்திய இரவில் 31 புள்ளி எடுத்து, அந்தச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர் டாண்டே டிவின்சென்ஸோ. அவர் தொடக்க ஐவரிலேயே இல்லாதவர், பெஞ்சிலிருந்து வந்தவர். ஐந்து இடங்களுக்குத் தலா இருபது பேர் எழுதினாலும் ஆறாவது ஆளுக்கு அங்கே இடமில்லை.

கட்டம் ஆட்டக்காரரையே பிளந்துவிடுவதும் உண்டு. டேவிட்சனில் ஸ்டீஃபன் கரி 2007-08இல் ஷூட்டிங் கார்டு, பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். ரிச்சர்ட்ஸ் போன பிறகு பந்தைக் கரியே கொண்டுவந்தார். அந்தப் பருவத்தில் 28.6 புள்ளிச் சராசரியோடு நாட்டிலேயே முதலிடம். எந்தப் பட்டியலில் எத்தனையாவது ஆள் அவர்? 2016இல் மிச்சிகன் ஸ்டேட்டின் டென்ஸல் வாலண்டைன் ஆட்டத்துக்கு 7.8 அசிஸ்ட் எடுத்து அணியின் மொத்தத் தாக்குதலையும் நடத்தினார். புகழ்மண்டபம் அவருக்குக் கொடுத்தது சிறந்த ஸ்மால் ஃபார்வர்டு விருது.

எண்களோடு பிழைப்பு நடத்துபவர்கள் இந்தக் கட்டங்களை எப்போதோ விட்டுவிட்டார்கள். கல்லூரி ஆட்டத்தின் புள்ளிவிவரத் தளங்களில் பலரும் நம்பும் ஒன்றை நடத்தும் பார்ட் டோர்விக், ஆட்டக்காரர்களை அவர்கள் உண்மையில் செய்த வேலையை வைத்து எட்டு வகையாகப் பிரிக்கிறார். புள்ளி எடுக்கும் பாயிண்ட் கார்டு வேறு, பந்து பிரித்துக்கொடுக்கும் பாயிண்ட் கார்டு வேறு. எட்டும் போதாது என்று நான் சொல்வேன், ஆனால் ஆட்டம் முடிந்தபின் செய்யும் பிரிப்பு என்பதால் அதில் பொய் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு எடை உண்டு, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பருவத்துக்கு முந்தைய தரவரிசை மார்ச் வரை பயன்படுகிறது என்று எண்களே காட்டுகின்றன என்பார்கள். உண்மைதான். புள்ளிவிவரக்காரர் கென் பொமராயின் அணி மதிப்பீடு பருவத்துக்கு முந்தைய கணக்கில்தான் தொடங்குகிறது, ஆட்டங்கள் சேரச் சேர அதன் பங்கு குறைகிறது. ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் மார்ச் போட்டிக்குப் போட்ட கணிப்பில் பருவத்துக்கு முந்தைய அணி வரிசையையும் ஒரு சேர்மானமாகச் சேர்த்திருந்தது. ஆனால் இவை இரண்டும் அணிகளின் கணக்கு. ஓர் அணியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், பயிற்சியாளர் இருக்கிறார், பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. ஒருவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் இன்னொருவர் கூடுவார், பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். தனியாள் விஷயத்தில் பிழையைத் தின்ன யாரும் இல்லை. அதிலும் அணிக்குள் ஒருவர் கூடினால் இன்னொருவர் குறைந்தாக வேண்டும், பந்து ஒன்றுதான். அணிக்கணக்கு தந்த நற்பெயரைத் தனியாள் பட்டியல் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறது.

அணிக்கணக்குக்கும் அதே நோய் உண்டு என்பது வேறு விஷயம். 2022 மார்ச்சில் எட்டாம் தரத்தில் நுழைந்த வட கரோலினா மளமளவென்று இறுதிவரை போய் கான்சஸிடம் 72-69இல் தோற்றது. தொடக்க ஐவரில் நால்வர் திரும்பி வந்தார்கள். கடைசியாகப் பார்த்த சில ஆட்டங்களின் மயக்கத்தில் அடுத்த பருவத்துக்கு அவர்களை முதலிடத்தில் வைத்தார்கள். 20 வெற்றி, 13 தோல்வி, மார்ச் போட்டிக்கு அழைப்பே வரவில்லை. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, பருவத்துக்கு முன் முதலிடம் பெற்ற அணி ஒன்று வெளியே நின்றது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்ற கனெக்டிகட், அக்டோபர் வரிசையின் 25 அணிகளில் ஒன்றாகக்கூட இல்லை.

ஆட்டக்காரர்கள் இடம்பெயரும் வேகம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இலிருந்து ஒரு பருவம் உட்காராமலே கல்லூரி மாறி ஆடலாம். ஷீப்வே மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குப் போய் ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்டு எடுத்தார். டால்டன் நெக்ட் இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கி, வடக்கு கொலராடோ வழியாக டென்னசிக்கு வந்து 2023-24இல் 21.7 புள்ளிச் சராசரியோடு தன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இன்று அணியில் பாதிக்குமேல் புதியவர்கள் என்பது சாதாரணம். யாரோடு ஆடப்போகிறார், பந்து எத்தனை முறை கைக்கு வரும் என்று தெரியாத நிலையில், போன ஆண்டு வேறு ஊரில் வேறு அணியில் எடுத்த எண்ணை வைத்து வரிசை போடுவது, பழைய ரேஷன் கார்டைப் பார்த்து வீட்டில் இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வதைப் போன்றது.

இருபது பேர் கொண்ட முன்பட்டியலில் எப்படியும் வெற்றியாளர் இருக்கிறாரே என்பார்கள். ஐந்து இடத்துக்கு நூறு பெயர் எழுதினால் இருக்கத்தான் செய்வார். போதாததற்குப் பருவத்தின் நடுவில் பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் புகழ்மண்டபமே வழி வைத்திருக்கிறது. தோற்கவே முடியாதபடி நீட்டப்பட்ட பட்டியலுக்கு வரிசை என்ற பெயர் எதற்கு?

யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு, 2021 ஜூலை 1க்கு முன்பென்றால் பதில் சொல்ல நானும் கொஞ்சம் திணறியிருப்பேன். அன்றுமுதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்குமாக முதலாண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். இப்போது போர்ட்டலில் நுழைபவர்களையும் இதே ஐந்து கட்டத்தில் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். விலை பேசும் மேசையில் அந்த எண் கிடக்கும். பந்தைத் தட்டிப் பழகிய 6 அடி 8 அங்குலப் பையனுக்கு, நீ பவர் ஃபார்வர்டில் முப்பதாவது ஆள் என்று ஒரு முகவர் சொன்னால் அவன் என்ன செய்வான்? தனக்குப் பொருந்தாத கட்டத்தில் மேலே ஏறப் பார்ப்பான், இல்லாவிட்டால் தன் ஆட்டத்தையே கட்டத்துக்கு ஏற்ப நறுக்கிக்கொள்வான். சிறிய கல்லூரியில் மூத்தவருக்குப் பின்னால் காத்திருக்கும் இரண்டாம் ஆண்டுப் பையனுக்கோ அந்த எண்ணும் கிடையாது. மொராண்டைப் போல ஆடித்தான் காட்ட வேண்டும், அதற்குள் விலை பேசி முடிந்திருக்கும்.

டிவிஷன் ஒன்றில் மட்டும் 360க்கும் மேற்பட்ட கல்லூரிகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். அவர்கள் எல்லாரையும் பார்த்தவர் எவரும் இல்லை, பார்க்கவும் முடியாது. பார்த்ததாகப் பாவனை செய்யாமல் இருக்கலாம். அக்டோபரில் எழுதத்தான் வேண்டும் என்றால் யார் போனார்கள், அவர்கள் விட்டுப்போன நிமிடங்கள் எத்தனை, பந்து இனி யார் கைக்குப் போகும் என்று அணி அணியாக எழுதுங்கள். வாசகருக்கு அது உபயோகப்படும். ஆள்வரிசை போட்டே தீருவோம் என்பவர்கள் ஜனவரி வரை பொறுத்து, கட்டம் பிரிக்காமல் போடட்டும்.